செம்பனையின் பெயருக்குள் ஒளிந்திருக்கும் ஒலிவ மரம்

டீச்சர், நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது, வாயில் இலைக்கொத்தோடு பறக்கும் சமாதானப் புறாவின் படம் வந்திருக்கிறது. அது என்ன இலை என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. தேவாலயத்துக்குப் போகும் பிள்ளை "ஒலிவ மரம்" என்றது. பள்ளிவாசலுக்குப் போகும் பிள்ளை "ஜைத்தூன்" என்றது. இன்னொன்று "எங்க அம்மா வாங்குற ஆலிவ் ஆயில்" என்றது. மூன்றும் ஒன்றுதானா, அது நம் ஊரில் வளருமா, ஒரு மரத்துக்கு ஏன் இத்தனை மரியாதை, பார்த்தே இராத பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது? இவைதான் உங்கள் கேள்விகள்.

மூன்றும் ஒன்றுதான். ஆனால் உங்கள் பிள்ளைகள் அந்த மரத்துக்கு அந்நியர்கள் இல்லை. நான் செம்பனை ஆலையின், அதாவது பாமாயில் எடுக்கும் ஆலையின், லேபில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். செம்பனைக்குத் தாவரவியலில் 'எலேயிஸ் கினியென்சிஸ்' என்று பெயர். 1763-ல் ஜாக்கின் என்ற தாவரவியலாளர் வைத்தது. 'கினியென்சிஸ்' என்றால் மேற்கு ஆப்பிரிக்காவின் கினிப் பகுதியைச் சேர்ந்தது என்று அர்த்தம். 'எலேயிஸ்' எங்கிருந்து வந்தது? கிரேக்க மொழியில் 'எலாயா' என்றால் ஒலிவ மரம், 'எலாயோன்' என்றால் அதன் எண்ணெய். பழத்தில் எண்ணெய் வைத்திருக்கும் பனையைப் பார்த்த ஐரோப்பியருக்கு ஒலிவம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. ஆக, நம் ஊரைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு செம்பனையின் பெயரிலும் ஒலிவம் இருக்கிறது.

சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் நம் பத்தாங் பெர்ஜுந்தைக்கு, இப்போதைய பெஸ்தாரி ஜெயாவுக்கு, இதில் தனி உரிமையே உண்டு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் இங்கேதான் போடப்பட்டது. போட்டவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே. தோட்டத்தின் பெயர் தென்னமரம். தமிழ்ப் பெயர் கொண்ட தோட்டத்தில், ஒலிவத்தின் பெயர் கொண்ட ஆப்பிரிக்க மரத்தை, தமிழ்க் கைகள் வளர்த்தன. இந்த இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம். கிரேக்க 'எலாயோன்' லத்தீனில் 'ஓலியம்' ஆகி, ஆங்கிலத்தில் 'ஆயில்' ஆனது. அதாவது ஆங்கிலேயர் எந்த எண்ணெயைச் சொன்னாலும், தெரியாமலே ஒலிவத்தின் பெயரைச் சொல்கிறார்கள். நாமும் அப்படித்தான். எள்ளின் நெய் எண்ணெய். தேங்காய் எண்ணெய், செம்பனை எண்ணெய் என்று எதைச் சொன்னாலும் நம் வாயில் எள் இருக்கிறது. நமக்கு எள் எப்படியோ, மத்தியதரைக் கடலைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு ஒலிவம் அப்படி. விளக்கு எரித்தது அது, உடம்பில் தேய்த்தது அது, சமைத்தது அது, சவர்க்காரம் காய்ச்சியது அது, சாமிக்கு வைத்ததும் அது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், ஏன் இத்தனை மரியாதை என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

இனிப் பழத்துக்கு வருவோம். இங்கே நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், இது என் தொழில்.

எள், கடலை, சூரியகாந்தி எல்லாம் விதையிலிருந்து எண்ணெய் தருபவை. பழத்தின் சதையிலிருந்து எண்ணெய் தருபவை சிலதான். அவற்றில் பெரிய அளவில் விளைபவை ஒலிவமும் செம்பனையும். சதைக்கும் விதைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. விதையைக் காய வைத்து மாதக்கணக்கில் மூட்டையில் வைத்திருக்கலாம். சதை அப்படிக் காத்திருக்காது. செம்பனைக் குலையை வெட்டிப் போட்டால் அன்றே ஆலைக்கு அனுப்ப, வேலையை மேற்பார்க்கும் தண்டல் ஏன் அவசரப்படுத்துவார் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். பழம் அடிபட்டதும் உள்ளே இருக்கும் ஒரு நொதி எண்ணெயை உடைக்கத் தொடங்குகிறது. உடைந்து வெளிவருவதைத்தான் லேபில் எஃப்.எஃப்.ஏ என்போம், கட்டற்ற கொழுப்பு அமிலம். நான் தினமும் அளந்தது அதைத்தான். கச்சாப் பனை எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

ஒலிவத்திலும் இதே கதை. 'எக்ஸ்ட்ரா வெர்ஜின்' என்று பாட்டிலில் போட்டிருக்கிறதே, அதன் அடிப்படை விதியே இந்த அமில அளவு 0.8 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான். வெறும் 'வெர்ஜின்' என்றால் 2 விழுக்காடு வரை போகலாம். கூடவே, பயிற்சி பெற்றவர்கள் குழுவாக உட்கார்ந்து சுவைத்து, குறையில்லை என்று சொல்ல வேண்டும். முதன்முதலில் இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. நாங்கள் 3 வந்தால் மகிழ்ந்த இடத்தில் அவர்கள் ஒன்றுக்கும் கீழே நிற்கிறார்கள். காரணம் கைப்பக்குவம்தான். மரத்தடியில் வலை விரித்து, கிளைகளைச் சீப்பால் கோதியோ கோலால் தட்டியோ பழத்தை இறக்கி, உடனே கொண்டுபோய் அரைக்கிறார்கள். நாம் குலையை முதலில் நீராவியில் வேக வைத்து நொதியைக் கொல்கிறோம். அவர்கள் வேக வைப்பதில்லை. கொட்டையோடு அரைத்து, கூழை மெதுவாகக் கிளறி, சுழற்றி எண்ணெயைப் பிரிக்கிறார்கள். சூடு 27 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல் எடுத்ததற்குத்தான் 'கோல்ட் எக்ஸ்ட்ராக்ஷன்' என்று லேபிள் ஒட்டலாம். பழைய காலத்தில் கழுதையோ மாடோ சுற்றிவர, கல்லால் அரைத்தார்கள். நம் செக்குதான். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 5 கிலோ பழம் வேண்டும். அதனால்தான் அந்த விலை.

நல்ல ஒலிவ எண்ணெயை வெறும் வாயில் ஒரு கரண்டி விழுங்கினால் தொண்டையில் சுள்ளென்று காறும். கெட்டுப்போனது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. ஓலியோகாந்தால் என்ற பொருள் அதில் இருப்பதற்கு அடையாளம் அது. ஐபுபுரோஃபென் மருந்து தொண்டையில் ஏற்படுத்தும் அதே காறல். 2005-ல் விஞ்ஞானிகள் அந்த ஒற்றுமையைப் பின்தொடர்ந்துதான், வீக்கத்தைத் தணிக்கும் குணமும் இதற்கு இருப்பதைக் கண்டார்கள்.

வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கடுகு தாளிக்கவும் மீன் பொரிக்கவும் அதை ஊற்ற வேண்டாம். கருகிவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை, தாளிக்கும் சூட்டை அது தாங்கும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய வாசம் போய்விடும், நம் குழம்புக்கு நல்லெண்ணெய் தரும் மணமும் கிடைக்காது. அவித்த கொண்டைக்கடலை மேலும், தக்காளி வெள்ளரி மேலும் பச்சையாக ஊற்றிச் சாப்பிடுங்கள். 'லைட்' என்று போட்டிருப்பது கொழுப்புக் குறைந்தது இல்லை, சுத்திகரித்து நிறமும் மணமும் குறைந்தது, அவ்வளவுதான். 'பொமேஸ்' என்பது சக்கையிலிருந்து கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரித்தது. அடர்நிறப் பாட்டிலாகப் பார்த்து, சின்னதாக வாங்கி, அடுப்புப் பக்கத்தில் வைக்காமல் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் பெரிய டின் வீண். குழந்தைக்குத் தேய்ப்பது நல்லது என்று கடைகளில் சொல்கிறார்கள். தோலின் பாதுகாப்புப் படலத்தை அது பலவீனப்படுத்துவதாக ஆய்வுகள் காட்டியிருப்பதால், சொறி, வறட்சி உள்ள குழந்தைகளுக்கு நான் தேய்க்கச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், பழத்தை மரத்திலிருந்து பறித்து அப்படியே கடிக்க முடியாது. கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. ஓலியூரோபின் என்ற பொருள் செய்யும் வேலை அது. உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊற வைத்தோ, காரக் கரைசலில் முதலில் நனைத்துப் பிறகு உப்பில் போட்டோ கசப்பை எடுக்கிறார்கள். மாவடு போடத் தெரிந்த பாட்டி இருக்கும் வீட்டில் இதைச் சொன்னால் உடனே புரியும். பச்சை ஒலிவமும் கறுப்பு ஒலிவமும் வேறு வேறு மரம் இல்லை. காயாகப் பறித்தால் பச்சை, பழுக்க விட்டால் ஊதாக் கறுப்பு. பீட்சா மேல் வட்டவட்டமாக வரும் மொழமொழப்பான கறுப்பு மட்டும் வேறு சங்கதி. பெரும்பாலும் அது பழுக்காத காய்தான். காரத்திலும் காற்றிலும் கறுக்க வைத்து, நிறம் நிற்க இரும்பு உப்புச் சேர்த்தது.

சரி, நம் ஊரில் வளருமா? தொட்டியில் வைத்தால் இலை விடும், அழகாகவும் இருக்கும். காய்க்காது. பூக்கத் தயாராக அதற்குச் சில வாரங்கள் நல்ல குளிர் வேண்டும். பிறகு மழை குறைந்த, காய்ந்த கோடை வேண்டும். வருஷம் முழுவதும் நனைந்துகொண்டிருக்கும் சிலாங்கூரில் இரண்டுமே இல்லை. பூ சின்னது, வெளிர் வெள்ளை, மல்லிகையின் சொந்தக்காரன். மெய்யாகவே சொந்தம்தான்: மல்லிகை, பவளமல்லி, ஒலிவம் மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் விற்கும் பூச்சரத்தைக் காட்டியே இதைச் சொல்லலாம். மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். செம்பனைக்கு இங்கே அந்த வசதி சரியாக அமையவில்லை. 1981-ல் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விடும்வரை, தோட்டத்துப் பெண்கள் மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தம் தூவினார்கள். என் அம்மா அந்த வேலை செய்தவர். மாலையில் அவர் சேலையிலிருந்து வந்த மணம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

மரத்தின் ஆயுளுக்கு வருகிறேன். என் மனதை மிகவும் தொட்டது இதுதான். செம்பனைக்கு நாம் கொடுப்பது ஏறக்குறைய 25 ஆண்டு. அதற்கு மேல் அரிவாள் எட்டாத உயரம், விளைச்சலும் குறையும், சாய்த்துவிட்டு மறுநடவு. ஒலிவ மரம் நூற்றாண்டுகளைக் கடக்கும். நடு மரம் உளுத்துக் கூடானாலும் அடியிலிருந்து புதுத் துளிர் வரும். ஜெருசலேமில், இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தில் எட்டுப் பழைய மரங்கள் நிற்கின்றன. அவற்றில் காலம் கணிக்க முடிந்த மூன்றின் அடிமரம் 12-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று 2012-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வேர் அதைவிடப் பழையதாக இருக்கலாம். எட்டும் ஒரே மரபணு கொண்டவை, ஒரே தாய்மரத்திலிருந்து போத்து எடுத்து நட்டவை. 'கெத்செமனே' என்ற பெயருக்கே எண்ணெய்ச் செக்கு என்றுதான் பொருள்.

கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரத்துக் கதை நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று ஒட்டும். ஊர் யாருக்குச் சொந்தம் என்று அதீனா தேவிக்கும் கடல் தெய்வம் பொசைடனுக்கும் போட்டி. அவர் சூலத்தால் பாறையைக் குத்தி உப்பு நீரை வரவழைத்தார். அவள் ஒலிவ மரத்தை முளைக்க வைத்தாள். ஊர் அவள் பெயரைப் பெற்றது. அந்த மரம் கோட்டைக் குன்றின் மேல் கோயிலில் நின்றது. நம் கணக்கில் தலவிருட்சம். கி.மு. 480-ல் பாரசீகப் படை கோயிலைக் கொளுத்தியபோது மரமும் எரிந்தது. மறுநாள் பலி கொடுக்கப் போனவர்கள் கருகிய அடிமரத்திலிருந்து ஒரு முழத் துளிர் வந்திருப்பதைப் பார்த்தார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அந்த நூலில் அளவு முழக்கணக்கில்தான் இருக்கிறது, நான் மாற்றிச் சொல்லவில்லை.

அந்த ஊரில் கோயில் ஒலிவத்தை வெட்டியவருக்கு ஒரு காலத்தில் மரண தண்டனை. அந்த ஊருக்குச் சட்டம் வகுத்த சோலன் இயற்றிய சட்டம் விளைபொருள்களில் ஒலிவ எண்ணெயை மட்டும் வெளியூருக்கு விற்க அனுமதித்தது. அதீனா விழாப் போட்டிகளில் வென்றவர்களுக்குப் பரிசு என்ன தெரியுமா? கோயில் மரங்களின் எண்ணெய் நிரப்பிய பெரிய மண்சாடிகள். ஒரு பக்கம் கேடயம் ஏந்திய அதீனா, மறுபக்கம் ஓட்டமோ மல்யுத்தமோ தேரோட்டமோ கறுப்பு உருவமாக வரைந்திருக்கும். இன்று உலக அருங்காட்சியகங்களில் அந்தச் சாடிகளைக் காணலாம். பழைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியாவில் வென்றவனுக்குக் காட்டு ஒலிவக் கிளையில் வளையம் செய்து தலையில் வைத்தார்கள். நாம் வாகை சூடினான் என்கிறோம், அவர்கள் ஒலிவம் சூடினார்கள்.

வேதங்களுக்கு வந்தால், உங்கள் வகுப்பிலேயே சாட்சிகள் இருக்கிறார்கள். வெள்ளம் வடிந்ததா என்று பார்க்க நோவா விட்ட புறா ஒலிவ இலையோடு திரும்பி வந்தது. உங்கள் பாடப் படத்தின் மூலம் அதுதான். ஐக்கிய நாடுகள் கொடியில் உலக வரைபடத்தை அணைத்திருக்கும் இரண்டு கிளைகளும் ஒலிவமே. 'கிறிஸ்து' என்ற சொல்லுக்கு அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள், அபிஷேகம் செய்தது ஒலிவ எண்ணெயால். குருத்து ஞாயிறன்று நம் ஊரில் குருத்தோலை பிடித்து வருகிறார்கள், இத்தாலியில் ஒலிவக் கிளை பிடித்து வருகிறார்கள். கத்தோலிக்கர் நோயாளிகளுக்குச் செய்யும் நோயில் பூசுதல் சடங்குக்கு ஒலிவ எண்ணெய்தான் வேண்டும் என்ற விதியை 1972-ல் போப் ஆறாம் பவுல் தளர்த்தினார். ஒலிவம் கிடைக்காத நாடுகளில் வேறு தாவர எண்ணெயும் ஆகலாம் என்றார். திருக்குர்ஆனில் ஒரு அத்தியாயம் அத்தியின் மீதும் ஜைத்தூனின் மீதும் சத்தியமிட்டுத் தொடங்குகிறது. இன்னொரு அத்தியாயத்தில் இறைவனின் ஒளிக்கு உவமையாக ஒரு விளக்கு வருகிறது. கிழக்குக்கும் உரியதல்லாத, மேற்குக்கும் உரியதல்லாத ஜைத்தூன் மரத்தின் எண்ணெய், நெருப்புத் தொடாமலே ஒளிவிடும்போல் இருக்கும் என்று. நான் விளக்கேற்றும் வீட்டில் பிறந்தவன். அந்த வரியை முதலில் கேட்டபோது என் வீட்டு விளக்குத்தான் கண்ணில் வந்தது.

ஓவியத்தில் ஒருவரை மட்டும் சொல்கிறேன், அவர் போதும்: டச்சு ஓவியர் வான் கோ. 1889 மே மாதம் தெற்குப் பிரான்சில் சான்-ரெமி என்ற ஊரின் மனநல விடுதியில் சேர்ந்தார். அங்கே இருந்த ஓராண்டில் ஒலிவத் தோப்புகளைக் குறைந்தது 15 முறை வரைந்தார். ஒரே தோப்பை ஏன் திரும்பத் திரும்ப வரைய வேண்டும்? ஒலிவ இலையின் மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. காற்றடித்தால் மரம் முழுவதும் நிறம் மாறும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அந்த நிறம் பிடிபடவில்லை என்று தம்பிக்கு எழுதிக்கொண்டே இருந்தார். ஓவிய நண்பர்களான கொகேனும் பெர்னாரும் கெத்செமனேயில் இயேசு துயருறும் காட்சியைக் கற்பனையாக வரைந்தபோது அவருக்குப் பிடிக்கவில்லை. தாம் உண்மையான தோப்பில் உண்மையான மரங்களையே வரைந்தார், அந்த முறுக்கிய அடிமரங்களிலேயே துயரம் இருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது வெட்டுக்கிளியையும் மறக்காதீர்கள். அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய ஒலிவ ஓவியம் ஒன்றில், காய்ந்த வண்ணத்துக்குள் ஒரு குட்டி வெட்டுக்கிளியின் உடல் ஒட்டியிருப்பதை 2017-ல் கண்டார்கள். வெயிலில் வெளியே உட்கார்ந்து வரைந்ததற்கு அது அத்தாட்சி.

இங்கே 'ஒலிவ்' என்று சொல்லப்படும் மற்றவற்றோடு குழம்ப வேண்டாம். சரவாக்கின் சிபு பக்கத்து டாபாய், கறுப்புத் தோலும் மஞ்சள் சதையுமாக, வெந்நீரில் ஊற வைத்து உப்புத் தொட்டுச் சாப்பிடுவது, 'சிபு ஒலிவ்' எனப்படுகிறது. அது குந்திரிக்கம் தரும் மரத்தின் குடும்பம். சீனர் கடையில் உப்பும் இனிப்பும் ஏற்றி விற்கும் 'கானா' என்ற காயும் அதே குடும்பம். இலங்கையின் வெரளிக்காய் இன்னொரு குடும்பம். உருவம் ஒன்று, உறவு இல்லை.

ஒன்றை மட்டும் மனம் கனத்துச் சொல்கிறேன். ஒலிவம் வளரும் ஊர்களில் மரம் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வரும் சொத்து. பாலஸ்தீனத்தில் அக்டோபர், நவம்பரில் குடும்பம் முழுவதும் தோப்பில் கூடிப் பழம் இறக்கும். அந்த மரங்கள் பிடுங்கப்படும்போது அவர்கள் அழுவது விறகுக்காக அல்ல. இத்தாலியின் தெற்கே புலியா பகுதியில் 2013-ல் கண்டறியப்பட்ட ஒரு பாக்டீரியா நோய் லட்சக்கணக்கான மரங்களைக் காய வைத்துவிட்டது. அங்கேயும் கிழவர்கள் கருகிய மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நம்மவர்கள் நூறாண்டுக்கு மேல் ரப்பர் என்னும் பால்மரமும் செம்பனையும் நட்டார்கள். ஒரு மரமும் நம்முடையதாகவில்லை. தோட்டம் கைமாறியபோது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு மூட்டை கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். மரத்தை இழந்தவரின் துக்கத்தை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

வகுப்புக்கு ஒரு யோசனை. சூப்பர்மார்க்கெட்டில் உப்புத் தண்ணீரில் போட்ட, கொட்டையோடு இருக்கும் ஒலிவம் ஒரு ஜாடி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளில் யாராவது ஒருவரை உதிரிச் செம்பனைப் பழம் ஒன்று எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டையும் கத்தியால் கொட்டைவரை வகுந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேலே தோல், அடுத்து எண்ணெய் ஊறிய சதை, நடுவே கல்போன்ற ஓடு, அதற்குள் பருப்பு. விரலால் சதையை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு விரலிலும் பளபளப்பு ஒட்டும். பிறகு கரும்பலகையில் 'எலேயிஸ்' என்று எழுதுங்கள்.